சொந்தமாகப் புத்தகம் போட்டுப் பிழைக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதிப்பகத்துக்காகக் காத்திராமல் தானே அச்சடித்து, தானே மின்னூலாக ஏற்றி, தானே விற்க நினைக்கும் தமிழ் எழுத்தாளர்களுக்கான பக்கம் இது. கணக்குகள் ரூபாயில், நடைமுறை தமிழ்நாட்டுடையது.

எழுத்தை மட்டும் நம்பி வாழ முடியுமா?

ஒரே புத்தகத்தை நம்பி முடியாது. தமிழில் இன்று சொந்தமாக எழுதி, சொந்தமாக வெளியிட்டு மாதா மாதம் பணம் பார்ப்பவர்களில் கணிசமானோர் குடும்ப நாவல் எழுதும் பெண்கள். இலக்கியக் கூட்டங்களில் இவர்கள் பெயர் அடிபடுவதே இல்லை. ஆனால் தொழில் தெரிந்தவர்கள் இவர்கள்தான். நாவல் முதலில் இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வரும். முடிந்ததும் அங்கிருந்து எடுத்துவிட்டு அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் ஏற்றுவார்கள். பிறகு அச்சுக்குப் போகும். கடைசியில் ஒலி நாவலாக யூடியூபுக்கோ ஒலிச் செயலிக்கோ போகும். ஒரே கதைக்கு நான்கு முறை வரும்படி. இப்படிப் பதினைந்து இருபது நாவல் சேர்ந்த பிறகுதான் அது சம்பளம் மாதிரி ஆகிறது. புது நாவல் வெளிவரும்போதெல்லாம் பழைய நாவல்களும் கூடவே நகர்வதுதான் காரணம்.

போட்டித் தேர்வு, சமையல், தையல், விவசாயம், கணக்குப் பதிவு போன்ற பயன் நூல்களுக்கும் நிலையான வாசகர் உண்டு. கவிதைத் தொகுப்பைப் போட்டு வாடகை கட்டலாம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

பதிப்பகம் 10 சதவீதம்தான் தருகிறது. நானே போட்டால் மீதி 90-உம் எனக்குத்தானே?

இல்லை. அந்த 90-க்குள் கடைக்காரர் கழிவு, தாள், அச்சு, அட்டை, மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை திருத்துவது), லாரி வாடகை எல்லாம் இருக்கின்றன. ஒரு மாதிரிக் கணக்கு பார்க்கலாம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

200 பக்க நூல், விலை ₹250. பக்கத்துக்கு ஒன்றேகால் ரூபாய் என்ற கணக்கு. 200 பிரதிக்கு அச்சகம் கேட்பது பிரதிக்கு ₹85. மெய்ப்பு, பக்க வடிவமைப்பு, அட்டை எல்லாம் சேர்த்து ஒரே தடவைச் செலவு ₹25,000.

கடை வழியாக விற்றால் 35% கழிவு போக ₹162.50 வரும். அதில் அச்சு ₹85, அனுப்பும் செலவு ₹8. மிச்சம் ₹69.50. நீங்களே வாசகருக்கு 10% தள்ளுபடியில் விற்றால் ₹225. அச்சு ₹85, உறை, டேப் எல்லாம் ₹6, தபால் செலவு வாங்குபவருடையது. மிச்சம் ₹134.

இப்போது ₹25,000-ஐ மீட்கக் கடை வழியாக 360 பிரதி விற்க வேண்டும். நேரடியாக என்றால் 187. நீங்கள் அச்சடித்ததோ 200. கையில் ஒரு பிரதி மிச்சமில்லாமல் அத்தனையும் கடையில் தீர்ந்தாலும் வருவது ₹13,900, நட்டம் ₹11,100. ‘முதல் பதிப்பு முழுதும் விற்றுவிட்டது, ஆனால் காசைக் காணோம்’ என்று பலர் புலம்புவதன் பின்னணி இதுதான். இதில் நண்பர்களுக்கும் விமர்சனத்துக்கும் போகும் 20 இலவசப் பிரதியை இன்னும் சேர்க்கவில்லை. அதுவே அச்சுச் செலவில் ₹1,700.

ஒரே தடவைச் செலவைக் குறைப்பது, நேரடி விற்பனையைக் கூட்டுவது, அதே கோப்பை வைத்து இரண்டாம் அச்சு போடுவது என்று வழி மூன்றுதான். இரண்டாம் அச்சில் அந்த ₹25,000 கிடையாது என்பதால் முதல் பிரதியிலிருந்தே லாபம்.

எத்தனை பிரதி அச்சடிப்பது?

முன்பதிவு எத்தனை வந்ததோ அத்தனை, மேலே ஒரு ஐம்பது. 300 பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு. 500-ஐத் தாண்டினால் பிளேட் செய்து அடிக்கும் ஆஃப்செட் முறையில் விலை கேளுங்கள். பிளேட் போடும் செலவு அத்தனை பிரதிக்கும் பரவுவதால் ஆஃப்செட்டில் எண்ணிக்கை கூடக் கூட ஒரு பிரதியின் விலை இறங்கும். அந்த இறங்கிய விலையைப் பார்த்து ஆசைப்பட்டு 1,000 அடித்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் 700 பிரதியை வைத்திருப்பவர்கள் நிறைய. கரையானும் ஈரமும் பதிப்பு பார்ப்பதில்லை.

அச்சகத்தில் விலை கேட்கும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

‘200 பக்கப் புத்தகம், எவ்வளவு ஆகும்?’ என்று கேட்டால் வாய்க்கு வந்த விலை வரும். அளவு, பக்கம், உள்தாள், அட்டை, கட்டு, எண்ணிக்கை ஆறையும் எழுதிக் கொடுங்கள். உதாரணமாக: டெம்மி 1/8 (ஐந்தரைக்கு எட்டரை அங்குலம்), 208 பக்கம், உள்ளே 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) மேப்லித்தோ தாள் ஒரே வண்ணம், அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு நான்கு வண்ணம், மேட் லேமினேஷன், பெர்ஃபெக்ட் பைண்டிங் (முதுகில் பசையால் ஒட்டும் கட்டு), 200 பிரதி. ஜி.எஸ்.டி. சேர்த்தா, தனியா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

208 என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆஃப்செட்டில் 16 பக்கம் ஒரு பாரம். 208 பக்கம் சரியாக 13 பாரம். 203 பக்கம் கொண்டுபோனால் ஐந்து பக்கம் வெற்றாக நிற்கும், இல்லையென்றால் கூடுதல் வெட்டும் செலவும் வரும். வடிவமைப்பிலேயே பக்கத்தை முன்பின் தள்ளி குறைந்தது அரைப் பாரமான எட்டின் மடங்குக்குக் கொண்டுவரப் பாருங்கள்.

அட்டையில் பெரும்பாலும் சொதப்புவது முதுகு அகலம். 200 பக்கம் என்றால் 100 தாள். 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ ஒரு தாள் சுமார் 0.1 மி.மீ., ஆகவே முதுகு ஏறக்குறைய 10 மி.மீ. பழுப்பு நிற நேச்சுரல் ஷேட் தாள் அதே எடையில் இன்னும் பருமனாக இருக்கும். அதனால் சூத்திரத்தை நம்பாமல், அச்சிடப்போகும் அதே தாளில் 100 எண்ணி அழுத்திப் பிடித்து அளந்து சொல்லச் சொல்லுங்கள். 10 மி.மீ. முதுகு என்றால் அட்டைக் கோப்பின் அகலம்: பின்னட்டை 139.7, முதுகு 10, முன்னட்டை 139.7, இருபுறமும் வெட்டுக்கு மூன்று மூன்றாக 6, மொத்தம் 295.4 மி.மீ. உயரம் 215.9-உடன் 6 சேர்த்து 221.9. இரண்டு மி.மீ. தப்பினாலே முதுகில் இருக்க வேண்டிய உங்கள் பெயர் முன்னட்டைக்கு வந்து எட்டிப் பார்க்கும்.

தாளின் நார் ஓட்டத்தையும் கேளுங்கள். நார் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் புத்தகம் விரித்தால் நிற்காது, மழைக்காலத்தில் பக்கங்கள் அலையலையாக நெளியும். முதல் பிரதியை வாங்கி நடுவில் விரித்து முறுக்கிப் பாருங்கள். பசை பிடிக்காத புத்தகம் அப்போதே பக்கத்தை உதிர்த்துக் காட்டிவிடும். 200-உம் வந்து இறங்கிய பிறகு பார்ப்பதில் பயனில்லை.

பழைய கதைகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அப்படியே கொடுக்கலாமா?

கூடாது. பாமினி, திஸ்கி, டேப், வானவில், ஸ்ரீலிபி என்று பழைய எழுத்துரு முறை எதுவானாலும் முதலில் எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினியில் கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது, அவ்வளவே. கிண்டிலில் ஏற்றினால் எழுத்துரு கழன்று வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும்.

மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டிய இடங்கள்: கொம்பும் காலும் பிரிந்து நிற்கும் ‘கொ’, ‘மோ’, ‘ஔ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் ஒட்டி நிற்பது, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, மேற்கோள் குறிகள், இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்கள் தமிழ்க் குப்பையாக மாறியிருப்பது. துணைக்காலும் (ா) ‘ர’வும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் ‘ரா’ வரும் சொற்களில் தேடல் தோற்றுப்போகும். இதைக் கண்ணால் பிடிக்க முடியாது. நூலில் அடிக்கடி வரும் ஒரு பெயரைத் தட்டச்சிட்டுத் தேடி, எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று பாருங்கள்.

பக்க வடிவமைப்பை நானே செய்யலாமா?

நாவல், கட்டுரை என்றால் செய்யலாம். இன்டிசைன் என்ற வடிவமைப்பு மென்பொருளில் தமிழ் போடுவதாக இருந்தால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருக்களை அச்சுக்கும் மின்னூலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். டெம்மிக்கு 11 பாயிண்ட் அளவு எழுத்தும் 15 அல்லது 16 பாயிண்ட் வரி இடைவெளியும் கண்ணுக்கு இதம்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இருபுறமும் சமப்படுத்தினால் வரிக்குள் ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும். சொல்லை உடைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் உடைத்த இடத்தில் புள்ளி எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்துக்கு வரக் கூடாது. ‘வந்திருக்’ என்று ஒரு வரி முடிந்து ‘கிறார்கள்’ என்று அடுத்த வரி தொடங்கலாம். ‘வந்திருக்கிறார்க’ என்று முடித்து ‘ள்’ஐ மட்டும் கீழே தொங்கவிட்டால் அது பார்ப்பவருக்குக் கல் பட்ட பல் மாதிரி.

மெய்ப்புக்குத் தனியாக ஆள் வேண்டுமா?

வேண்டும். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. முதலில் வாணி, நாவி போன்ற இணையக் கருவிகளில் போட்டு எடுங்கள். வாணி எழுத்துப் பிழைக்கு, நாவி சந்திக்கு. கருவி விட்டதை மனிதர் பிடிப்பார். ‘அவன் கரை பற்றி நடந்தான்’, ‘அவன் கறை பற்றி நடந்தான்’ இரண்டும் கருவிக்குச் சரிதான். காசு குறைவென்றால் அட்டை ஓவியத்தில் மிச்சம் பிடியுங்கள், மெய்ப்பில் வேண்டாம்.

ஐஎஸ்பிஎன் (நூலின் சர்வதேச அடையாள எண்) வாங்கப் பணம் கட்ட வேண்டுமா?

இந்தியாவில் இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமை இணைய வழியில் தருகிறது. எழுத்தாளர் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். ‘ஐஎஸ்பிஎன் கட்டணம்’ என்று யாராவது பில்லில் எழுதினால், அது விண்ணப்பம் நிரப்பும் கூலி என்று புரிந்துகொள்ளுங்கள். கடைசி நேரத்தில் விண்ணப்பித்துவிட்டு அச்சகத்தைக் காக்க வைக்காதீர்கள், ஒரு மாதம் முன்பே போடுங்கள்.

சாதாரண அட்டை, கெட்டி அட்டை, இபப் மின்னூல் மூன்றுக்கும் தனித்தனி எண். மாற்றமில்லாத மறு அச்சுக்குப் புது எண் தேவையில்லை. திருத்திய பதிப்புக்குத் தேவை. கிண்டில் மின்னூலுக்கு இது கட்டாயமே இல்லை, அமேசான் தன் எண்ணைத் தானே கொடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றைப் பலர் செய்வதில்லை. 1954-ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, நூல் வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். நீங்களே பதிப்பாளர் என்றால் இந்தக் கடமையும் உங்களுடையதுதான்.

கிண்டிலில் ஏற்றுவது எப்படி?

அமேசானின் சுயவெளியீட்டுத் தளமான கேடிபியில் கணக்குத் திறந்து பான், வங்கி விவரம், வரிப் படிவம் மூன்றையும் முடியுங்கள். கோப்பை வேர்டில் தயார் செய்யலாம். அத்தியாயத் தலைப்புக்கு ‘ஹெடிங் 1’ பாணி, அத்தியாயம் முடிந்ததும் பக்க முறிப்பு, பத்தி உள்தள்ளலுக்கு டேப் விசையைத் தட்டாமல் பத்தி அமைப்பு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் உள்ளடக்கப் பட்டியல் தானாக வரும். அச்சுக்குக் கொடுத்த பிடிஎஃப்பையே ஏற்ற முயலாதீர்கள், தமிழ் எழுத்து குலையும். அட்டைப் படம் 2560 பிக்சல் உயரம், 1600 அகலம்.

மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். தேடுசொல் பெட்டிகள் ஏழு. அவற்றில் பாதியையாவது ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்ச் சொற்களுக்கு ஒதுக்குங்கள். செயலியில் தமிழ் விசைப்பலகையை மாற்றித் தேடும் வாசகர் குறைவு.

தமிழில் காகிதப் புத்தகம் போட கேடிபியில் வழியில்லை. ஆர்டர் வர வர அச்சடித்துத்தரும் சேவை வேண்டுமென்றால் சென்னையின் நோஷன் பிரஸ், பெங்களூரின் போத்தி போன்ற இந்தியத் தளங்களைத்தான் பார்க்க வேண்டும்.

கிண்டில் விற்பனையில் எழுத்தாளர் பங்கு 35 சதவீதமா, 70 சதவீதமா?

இந்திய விற்பனைக்கு 70% வேண்டுமானால் நூல் கேடிபி செலெக்ட் என்ற திட்டத்தில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் 35% தான். 70%-இல் கோப்பின் அளவுக்கேற்ற விநியோகக் கட்டணமும் உண்டு, இந்தியத் தளத்தில் ஒரு எம்பிக்கு ₹7. வரியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ₹150 விலையுள்ள 1 எம்பி நாவலுக்கு (150 − 7) × 70% = ₹100.10. அதே விலையில் படங்களை அப்படியே அள்ளிப் போட்ட 8 எம்பி சமையல் நூலுக்கு ₹65.80. படங்களைச் சுருக்கி 2 எம்பிக்குக் கொண்டுவந்தால் ₹95.20. அரை மணி நேர வேலைக்குப் பிரதிக்கு முப்பது ரூபாய்.

வெளிநாட்டுத் தமிழர்களும் படிப்பதால் அமெரிக்கத் தளத்தின் விலையைத் தனியாக வையுங்கள். அங்கே 70%-க்கு 2.99 முதல் 9.99 டாலர் வரை விலை இருக்க வேண்டும். ரூபாய் விலையைத் தானாக மாற்றும்படி விட்டுவிட்டால் ஒன்றரை டாலரில் நின்று 35%-க்கு இறங்கிவிடும்.

பணம் உடனே வராது. ஜனவரி விற்பனைக்கான தொகை மார்ச் இறுதியை ஒட்டி வங்கிக்கு வரும்.

செலெக்ட்டில் சேர்ந்தால் என்ன சிக்கல்?

90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. விற்பனைக்கு மட்டுமல்ல, இலவசமாகவும்தான். பிரதிலிபி போன்ற கதைத் தளத்தில் போட்ட தொடர், உங்கள் சொந்த வலைப்பதிவு, வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப் எல்லாம் கணக்கில் வரும். மாதிரிக்கு 10% வரை வெளியே விடலாம். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டு இல்லை. 90 நாள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாமென்றால் அந்தக் குறியை நீங்கள்தான் எடுக்க வேண்டும். வேறு தளத்தில் நூலை ஏற்றிவிட்டு இதை மறந்துபோய் எச்சரிக்கை வாங்குவது வாடிக்கை.

பதிலுக்கு நூல் கிண்டில் அன்லிமிட்டட் என்ற சந்தாத் திட்டத்தில் சேரும், வாசகர் படித்த பக்கத்துக்குப் பணம். பக்க விலை மாதா மாதம் மாறும். இந்திய வாசிப்புக்கு அது பைசாக் கணக்கு. பக்கத்துக்கு 8 பைசா என்று வைத்துக்கொண்டால் 300 பக்க நாவலை ஒருவர் முழுதும் படித்தால் ₹24. விற்பனையில் வரும் ₹100-ஐப் பார்த்தால் இது சொற்பம். ஆனாலும் தமிழ் நாவல் வாசகர்களில் ஒரு நாளைக்கு ஒரு நாவல் முடிப்பவர்கள் உண்டு. அவர்கள் ஒவ்வொன்றையும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள், சந்தாவில்தான் படிப்பார்கள். தொடர் நாவல்காரர்களுக்குச் செலெக்ட் லாபம். ஆண்டுக்கு நாற்பது பேர் தேடி வாங்கும் ஆய்வு நூலுக்குப் பக்க வாசிப்பால் பெரிய பயனில்லை, அங்கே 70%-க்காக மட்டும் சேரலாம்.

‘என் புத்தகத்தை நீங்கள் புரட்டுங்கள், உங்களுடையதை நான் புரட்டுகிறேன்’ என்ற குழுக்களில் சேரலாமா?

வேண்டாம். பக்க வாசிப்பைச் செயற்கையாகக் கூட்டுவது கேடிபி விதிக்கு விரோதம். கணக்கை முடக்கினால் ஒரு நூல் அல்ல, அந்தக் கணக்கிலுள்ள அத்தனை நூலும் போகும்.

அமெரிக்காவில் வரி பிடிப்பார்களாமே?

அமெரிக்கத் தள விற்பனைக்கு மட்டும். வரி நேர்காணலில் இந்தியர் என்பதைச் சொல்லி, வரி எண் கேட்கும் இடத்தில் பான் எண்ணைக் கொடுத்தால் இந்திய-அமெரிக்க ஒப்பந்தப்படி 15% பிடிப்பார்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டால் 30%. ஒருமுறை பிடித்ததைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

சுயவெளியீட்டு நிறுவனங்களின் தொகுப்புத் திட்டத்தில் (பேக்கேஜ்) சேரலாமா?

விற்பனையை நம்பிச் சேராதீர்கள். வேலையை ஒப்படைக்கச் சேரலாம். கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை: ஐஎஸ்பிஎன் யார் பெயரில்? முடிந்த வடிவமைப்புக் கோப்பும் அட்டைக் கோப்பும் என்னிடம் வருமா? எனக்கான பிரதிக்கு என்ன விலை? நான் விலகினால் எத்தனை நாளில் நூலை இறக்குவீர்கள்? ‘100 சதவீத ராயல்டி’ என்ற விளம்பரத்தில் ஏமாறாதீர்கள். அச்சுச் செலவும் தளத்தின் கழிவும் போன மிச்சத்தில்தான் அந்த நூறு. ₹250 நூலில் அது முப்பது ரூபாயாகவும் இருக்கலாம்.

அச்சுப் புத்தகத்தை எங்கே விற்பது?

முதலில் முன்வெளியீட்டுத் திட்டம். நூல் வரும் ஒரு மாதம் முன்பு அட்டையையும் ஒரு அத்தியாயத்தையும் வெளியிட்டு, குறைந்த விலைக்கு முன்பணம் வாங்குங்கள். வந்த தொகையில் அச்சகத்துக்கு முன்பணம் கட்டிவிடலாம், எத்தனை அச்சடிப்பது என்பதும் தெரிந்துவிடும்.

கடைகள் பெரும்பாலும் விற்ற பிறகு பணம் என்ற முறையில்தான் எடுக்கும். பத்து கடைக்குப் பத்துப் பத்தாக அனுப்பிவிட்டு மறந்தால் நூறு பிரதி போனது போனதுதான். ஒப்படைப்புச் சீட்டில் முத்திரை வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருப்பு கேளுங்கள். மூன்று நல்ல கடைக்கு ஐந்தைந்தாகக் கொடுத்து, தீர்ந்ததும் நிரப்புவது மேல்.

சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதல் நடக்கிறது. தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்துவது. தனி ஆளாக அரங்கு எடுப்பது கட்டுப்படியாகாது. அரங்கு வைத்திருக்கும் பதிப்பாளரிடம் கழிவு பேசி வைக்கலாம். அங்கே வாசகருக்கு 10% தள்ளுபடி வழக்கம் என்பதைக் கழிவு பேசும்போதே கணக்கில் கொள்ளுங்கள். டிசம்பரில் அச்சகங்கள் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடும். அப்போது கொடுத்த புத்தகம் பசை காயாமல் வரும். நவம்பர் நடுவிலேயே கோப்பை முடித்துவிடுங்கள். ஈரோடு, மதுரை, கோவை, நெய்வேலி என்று மாவட்டக் கண்காட்சிகளில் கூட்டம் குறைவாகத் தெரிந்தாலும் உள்ளூர் எழுத்தாளர் நேரில் நின்றால் பிரதி நகரும்.

நூலக ஆணை கிடைக்குமா?

கிடைக்கலாம். பொது நூலக இயக்ககம் அறிவிப்பு வெளியிடும்போது விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் அட்டையில் போட்ட விலைக்கே வாங்குவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். உரிமைப் பக்கத்தில் பதிப்பு, ஆண்டு, அளவு, தாள், பக்கம், விலை அத்தனையும் பிழையில்லாமல் இருக்கட்டும். ஆணை வருமென்று நம்பிக் கடன் வாங்கி அச்சடிக்காதீர்கள். ஆணை தாமதமாகும், பணம் அதற்கும் தாமதமாகும்.

தபாலில் அனுப்ப மலிவான வழி?

பதிவுப் புத்தகக் கட்டு சேவை 2024 டிசம்பரில் நின்றுபோனதில் சிறு பதிப்பாளர்களுக்குப் பெரிய அடி. 2025 மே மாதம் அஞ்சல் துறை ‘ஞான் போஸ்ட்’ தொடங்கியது. 300 கிராம் வரை ₹20, ஐந்து கிலோவுக்கு ₹100, வரி தனி. கல்வி, சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்கானது. உள்ளே விளம்பரம் இருக்கக் கூடாது, பதிப்பாளர் அல்லது அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும். உங்கள் நாவல் இதில் சேருமா என்று ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் காட்டி முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

எடையை எழுதும்போதே யோசிக்கலாம். டெம்மியில் 70 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 2.1 கிராம். 240 பக்கம் என்றால் உள்தாள் 253, அட்டை 19, உறை 20, மொத்தம் 292 கிராம். 256 பக்கமானால் 300-ஐத் தாண்டிவிடும். ஒரு பாரத்தைக் குறைத்தால் ஒவ்வொரு பிரதிக்கும் தபால் செலவு மிச்சம்.

ஒலி நாவலுக்குக் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தில் என்ன பார்ப்பது?

‘அனைத்து உரிமைகளும்’ என்ற சொல் இருந்தால் நிறுத்துங்கள். ஒலி உரிமை, தமிழில் மட்டும், இத்தனை ஆண்டு, இந்தத் தளம் என்று எழுதச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமை உங்களிடமே இருக்கட்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாய்ப்பேச்சில் கொடுத்ததைக் காட்டி யாராவது உரிமை கொண்டாடினால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

பதிப்புரிமை எழுதிய நொடியிலேயே உங்களுடையது, உங்கள் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு வரை வாரிசுகளுக்கு. பதிவு கட்டாயமில்லை, வழக்கென்று வந்தால் உதவும். கட்டணம் ஒரு நூலுக்கு ₹500.

டெலிகிராமில் என் நாவல் பிடிஎஃப்பாகச் சுற்றுகிறது. என்ன செய்ய?

சண்டை போட்டுப் பதிவு எழுதாதீர்கள், அதுவே விளம்பரமாகிவிடும். குழுவின் சுட்டி, திரைப்பிடிப்பு, கிண்டில் பக்கத்தின் சுட்டி மூன்றையும் வைத்து அந்தத் தளத்தின் பதிப்புரிமைப் புகாருக்கு அனுப்புங்கள். இறக்குவார்கள், வேறு பெயரில் மறுபடி முளைக்கும். புது நாவல் வந்த முதல் மாதத்தில் மட்டும் வாரம் ஒருமுறை தேடிப் புகார் கொடுங்கள், வருமானம் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான். மற்ற நேரத்தை எழுதச் செலவிடுங்கள்.

வரி விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. புத்தகம் மட்டுமே விற்பவர் அதற்காகப் பதிவு செய்யத் தேவையில்லை.

வருமான வரியில் ராயல்டிக்கு ஒரு சலுகை உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80கியூகியூபி பிரிவு, இலக்கிய, கலை, அறிவியல் நூல்களின் ராயல்டியில் ₹3 லட்சம் வரை கழிவு. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும். பள்ளிப் பாடநூல், வழிகாட்டிகள், இதழ்கள் இதில் வராது. ராயல்டி கொடுப்பவர் படிவம் 10சிசிடி தர வேண்டும். நீங்களே அச்சடித்து விற்ற லாபம் ராயல்டி ஆகாது, அது வியாபார வருமானம். இரண்டையும் தனித்தனிக் கணக்கில் எழுதி வையுங்கள். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையை எப்போது விடலாம்?

புது நூல் எதுவும் வெளியிடாத ஆறு மாதத்தில் பழைய நூல்கள் மட்டும் எவ்வளவு கொண்டுவந்தன என்று பாருங்கள். வெளியீட்டு மாதத்து வரும்படியைச் சேர்க்காதீர்கள், அது திருவிழாக் கடை வியாபாரம். அந்த ஆறு மாதச் சராசரி வீட்டுச் செலவைத் தொட்டு, கையில் ஒரு ஆண்டுச் செலவுக்குப் பணமும் அடுத்த நூலின் அச்சுக்கூலியும் தனியாக இருந்தால் விடலாம். அதுவரை காலை ஐந்து மணிக்கு எழுந்து எழுத வேண்டியதுதான்.